நிற்கக் கற்றுக்கொண்ட கார்: ஃபோர்டு ஜிடி40-இன் பந்தய வரலாறு

1966 ஜூன் 19, மாலை 4 மணி. பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத் தளம் மழையில் நனைந்து கிடக்கிறது. கறுப்பு ஃபோர்டு ஒன்றும் வெளிர்நீல ஃபோர்டு ஒன்றும் ஏறத்தாழ ஒட்டினாற்போல எல்லைக்கோட்டைக் கடக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கார்கள். சேர்ந்தே கோட்டைக் கடந்து வெற்றியைப் பங்கிட்டுக்கொள்வது என்று அவர்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். நடுவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முந்தைய நாள் புறப்படும்போது கறுப்புக் கார் நீலக் காருக்குச் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. அப்படியென்றால் 24 மணி நேரத்தில் அது அந்தச் சில மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. எனவே வெற்றி கறுப்புக் காருக்கு என்று தீர்ப்பாயிற்று.

யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவரே வென்றவர் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு விசித்திரமாகத் தெரியலாம். எண்டூரன்ஸ் பந்தயம் என்னவென்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

எண்டூரன்ஸ் என்றால் தாக்குப்பிடித்தல். மற்றப் பந்தயங்களில் தூரத்தை முதலிலேயே நிர்ணயித்துவிடுவார்கள். அதை யார் சீக்கிரம் முடிக்கிறார் என்று பார்ப்பார்கள். லெ மான்ஸில் நேரத்தை நிர்ணயித்துவிடுகிறார்கள்: ஒரு பகல், ஓர் இரவு, மொத்தம் 24 மணி நேரம். அதற்குள் எந்தக் கார் அதிக தூரம் ஓடுகிறதோ அது வெல்லும். 1923-இல் தொடங்கிய பந்தயம் இது. அறுபதுகளில் ஒரு சுற்று 13.46 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் காரும் போய்வரும் சாதாரணப் பொதுச்சாலை. அந்தக் காலத்தில் ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். மாறி மாறி ஓட்டுவார்கள். பெட்ரோல் நிரப்ப, டயர் மாற்ற, பழுது பார்க்க எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் ஏறும்.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1966-இல் வென்ற கார் 360 சுற்று ஓடியது. உங்கள் கார் எதிராளியின் காரைவிடச் சுற்றுக்கு 2 நொடி வேகமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிய அனுகூலம். 360 சுற்றுக்கு 720 நொடி, அதாவது 12 நிமிடம் மிஞ்சும். கியர்பாக்ஸில் ஒரு பல் உடைந்து, அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் நின்றால் மிஞ்சிய 12 நிமிடமும் போய், மேலும் 18 நிமிடம் கடன் விழும். ஆகையால் இந்தப் பந்தயத்தில் வேகம் என்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. உள்ளே போன பிறகு வேலை செய்வது வேறு.

இதை ஃபோர்டு நிறுவனம் கற்றுக்கொள்ள இரண்டு முழு ஆண்டுகளும், சொல்லி மாளாத பணமும் செலவாயின.

1963-இல் அமெரிக்காவின் ஃபோர்டு, இத்தாலியின் ஃபெராரி நிறுவனத்தையே விலைக்கு வாங்கப் பார்த்தது. பேச்சு கடைசிக் கட்டம்வரை வந்தது. பந்தயப் பிரிவின் கட்டுப்பாடு தன் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்ததும் என்சோ ஃபெராரி மறுத்துவிட்டார். லெ மான்ஸில் ஃபெராரி ஆண்டுதோறும் வென்றுகொண்டிருந்த காலம் அது. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, அதே லெ மான்ஸில் ஃபெராரியைத் தோற்கடிக்கும் காரைத் தானே கட்டுவது என்று முடிவெடுத்தார். இங்கிலாந்தில் எரிக் பிராட்லி என்பவரின் லோலா நிறுவனம் ஃபோர்டு வி-8 இன்ஜினை நடுவில் வைத்து ஒரு பந்தயக் காரை ஏற்கெனவே கட்டியிருந்தது. அந்த அடித்தளத்தின்மேல், லண்டனுக்கு அருகில் ஸ்லாவ் என்ற ஊரில் புதிய கார் உருவானது. பணமும் இன்ஜினும் அமெரிக்காவுடையவை. முதல் கார்களைக் கட்டிய கைகள் இங்கிலாந்துக்காரர்களுடையவை. இதை அமெரிக்கக் கார் என்று சொல்லலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. யாருடைய பிடிவாதம் இந்தக் காரைப் பிறப்பித்ததோ அவர்களுடைய கார் இது என்பது என் கட்சி.

பெயரில் உள்ள 40, காரின் உயரம்: சுமார் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் நின்றால் அதன் கூரை நம் இடுப்பைத்தான் எட்டும். இவ்வளவு தாழ்ந்த காருக்குள் ஆள் எப்படி நுழைவது? கதவோடு சேர்த்துக் கூரையிலும் ஒரு பகுதியை வெட்டிவைத்தார்கள். கதவைத் திறந்தால் கூரையில் ஒரு துண்டும் கூடவே திறந்துகொள்ளும். ஓட்டுநர் மேலிருந்து காலை உள்ளே விட்டு, ஏறத்தாழப் படுத்த வாக்கில் இருக்கையில் இறங்க வேண்டும். இன்ஜின் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

1964 ஏப்ரலில் நடந்த சோதனை ஓட்டத்திலேயே பிரச்சினை தெரிந்துவிட்டது. அதிவேகத்தில் காரின் பின்பகுதி காற்றில் இலேசாகித் தரையைப் பிடிக்க மறுத்தது. இரண்டு கார்கள் விபத்துக்குள்ளாயின. பின்விளிம்பில் சிறிய தகடு ஒன்றை நிமிர்த்தி வைத்து அதைச் சரிசெய்தார்கள். ஜூன் மாதப் பந்தயத்தில் மூன்று கார்கள் இறங்கின. அவற்றில் ஒன்று தொடக்கத்திலேயே முன்னணிக்கு வந்தது, இன்னொன்று சுற்றுவேகச் சாதனை படைத்தது. மறுநாள் முடிவுக் கோட்டைக் கடக்க மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஒன்று தீப்பிடித்தது, மற்ற இரண்டும் கியர்பாக்ஸ் போய் நின்றன. 1965-இல் ஆறு கார்கள் இறங்கின. இரண்டில் 7 லிட்டர் இன்ஜின். ஆறும் பாதியிலேயே நின்றன. ஃபெராரி மீண்டும் வென்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனாவில் 2,000 கிலோமீட்டர் பந்தயத்தை கென் மைல்ஸ், லாயிட் ரூபி இருவரும் ஜிடி40-ஐ ஓட்டி வென்றிருந்தது மட்டுமே ஆறுதல்.

இரண்டு ஆண்டுகளில் லெ மான்ஸில் இறங்கிய ஒன்பதில் ஒன்றும் தேறவில்லை. அத்தனையும் வேகமான கார்கள்.

அடுத்து அவர்கள் செய்த வேலைதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்னும் வேகமாக ஓட வைப்பதைவிட, எது உடைகிறது என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் இறங்கினார்கள். அமெரிக்காவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரு சோதனை மேடையில் பூட்டி, லெ மான்ஸில் ஒரு சுற்றுக்குக் கார் என்னவெல்லாம் செய்கிறதோ அதை அப்படியே தானியங்கிக் கருவியால் செய்யவைத்தார்கள். இந்த இடத்தில் கியர் மாற்றம், அந்த இடத்தில் முழு முடுக்கம், இந்த வளைவில் தளர்வு. சக்கரமே இல்லாமல், ஓர் அறைக்குள்ளேயே அந்த இன்ஜின் 24 மணி நேரத்துக்கும் மேலாக லெ மான்ஸை ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது உடைந்தால் பிரித்துப் பார்த்து, பலப்படுத்தி, மீண்டும் முதல் நிமிடத்திலிருந்து தொடங்கினார்கள்.

இன்ஜினுக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. பிரேக்தான் இன்னும் தீராத தலைவலி.

லெ மான்ஸில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நேர்ச்சாலை ஒன்று உண்டு. கார்கள் அதில் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டும். அதன் முடிவில் முல்சான் என்ற கூர்மையான வளைவு. அங்கே வேகத்தை 60 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஓடும் காரிடம் உள்ள ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. பிரேக் தட்டில் வெப்பமாக மாறும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். 7 லிட்டர் இன்ஜின் காரைக் கனமாகவும் ஆக்கியிருந்தது. முன்சக்கரத்து இரும்புத் தட்டுகள் பழுக்கக் காய்ந்து, இரவில் சக்கரத்துக்குள் சிவப்பாக ஒளிர்ந்தன. வளைவு முடிந்ததும் குளிர்காற்று அவற்றின் மீது அடிக்கும். அடுத்த சுற்றில் மறுபடியும் காயும். காய்ச்சிக் குளிர்வித்து, காய்ச்சிக் குளிர்வித்து, கடைசியில் தட்டு விரிசல்விடும். இப்படி ஒரு நாளில் 350 முறைக்கு மேல்.

எவ்வளவு முயன்றாலும் 24 மணி நேரம் தாங்கும் தட்டு கிடைக்காது என்று தெரிந்ததும், ஃபோர்டுக்காக இந்தக் கார்களைப் பந்தயத்தில் இறக்கிய அமெரிக்க அணியான ஷெல்பி அணியின் தலைமை வல்லுநர் ஃபில் ரெமிங்டன் கேள்வியையே மாற்றினார். தேய்ந்தால் தேயட்டும், மாற்றிவிடுவோம் என்றார். டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் கார் எப்படியும் நிற்கத்தான் போகிறது. சக்கரத்தைக் கழற்றும் அதே இடைவெளியில் பிரேக் தட்டையும் கட்டையையும் சேர்த்து உருவிவிட்டுப் புதியதைச் செருகும்படி அமைப்பை மாற்றிக் கட்டினார். வெகுநேரம் எடுக்கும் வேலை சில நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டது. இந்த ஒரு யோசனைக்கு எத்தனை குதிரைசக்தி ஈடாகும் என்று கணக்குப் போட முடியாது.

1966-இல் மார்க் 2 என்ற 7 லிட்டர் கார்கள் எட்டு இறங்கின. மூன்றுதான் கடைசிவரை ஓடின. அந்த மூன்றும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. ஃபெராரி நிறுவனம் தானே அனுப்பிய கார்கள் எல்லாம் வழியிலேயே நின்றுபோயின. புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் இருவரும் ஓட்டிய கறுப்புக் கார் 4,843 கிலோமீட்டர் ஓடி வென்றது.

நீலக் காரில் இருந்தவர் கென் மைல்ஸ். அந்த ஆண்டு டேட்டோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தையும் செப்ரிங்கின் 12 மணி நேரப் பந்தயத்தையும் வென்றுவிட்டு வந்திருந்தார். லெ மான்ஸையும் வென்றிருந்தால் ஒரே ஆண்டில் மூன்றையும் வென்ற முதல் ஆளாகியிருப்பார். பிரேக் முதல் கியர்பாக்ஸ் வரை இந்தக் காரை ஓட்டி ஓட்டிச் செப்பனிட்டவரும் அவரே. முன்னணியில் இருந்தவரை நிறுவனம் வேகத்தைக் குறைத்து மற்றக் காருக்காகக் காத்திருக்கச் சொன்னது; அவரும் காத்திருந்தார். புகைப்படத்தில் மூன்று ஃபோர்டுகளும் அழகாக இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. இரண்டே மாதங்களில், ஆகஸ்ட் 17 அன்று, கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தளத்தில் அடுத்த மாதிரிக் காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் மைல்ஸ் உயிரிழந்தார்.

அவர் உயிரைக் குடித்த அந்த மாதிரியைத் திருத்தி, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு அமைத்து உருவாக்கியதுதான் மார்க் 4. இது வடிவமைப்பிலிருந்து கட்டுமானம்வரை முழுக்க அமெரிக்காவிலேயே உருவானது. 1967 லெ மான்ஸில் மரியோ ஆன்ட்ரெட்டி இரவில் இதே வகைக் காரில் பயங்கரமாக மோதியும் உயிர் பிழைத்தார்.

அந்தப் பந்தயத்தை டான் கர்னி, ஏ.ஜே. ஃபாய்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வென்றார்கள். கர்னி நெட்டையான ஆள். ஹெல்மெட் கூரையில் முட்டியதால் அவருக்காகக் கூரையில் ஒரு புடைப்பே வைத்தார்கள். இருவருமே வேகத்துக்குப் பேர்போனவர்கள். இவர்கள் போட்டி போட்டு ஓட்டிக் காரை உடைத்துவிடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கர்னி செய்ததோ நேர்மாறு. நீண்ட நேர்ச்சாலை முடியும் முன்பே, பிரேக்கைத் தொடாமல், முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுவார். எதிர்க்காற்றே காரின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். அதன் பிறகுதான் பிரேக். சுற்றுக்குச் சில நொடி போனாலும் பிரேக் பிழைத்துக்கொள்ளும்.

இரவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் இடத்தில் இருந்த ஃபெராரியை மைக் பார்க்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கர்னியின் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கை மினுக்கி மினுக்கிச் சீண்டினார். பல சுற்றுகள் பின்தங்கியிருந்தவர் அவர். கர்னி ஆத்திரப்பட்டுப் போட்டியில் இறங்கி, காரையோ பிரேக்கையோ கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆர்னாஜ் வளைவுக்கு வந்ததும் கர்னி ஓரம்கட்டிக் காரை நிறுத்தியேவிட்டார். பந்தயத்தின் நடுவே, நட்டநடு இரவில்! பார்க்ஸும் பின்னால் நிறுத்தினார். இரண்டு கார்களும் உறுமிக்கொண்டு சில நொடிகள் அப்படியே நின்றன. கடைசியில் பார்க்ஸ்தான் பொறுமையிழந்து கிளம்பிப் போனார். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கர்னியும் ஃபாய்ட்டும் 388 சுற்று, 5,232 கிலோமீட்டர் ஓடி, நான்கு சுற்று வித்தியாசத்தில் வென்றார்கள். மேடையில் கர்னி ஷாம்பெயின் போத்தலைக் குலுக்கி எல்லார்மீதும் பீய்ச்சினார். பந்தய மேடைகளில் இன்று தவறாமல் நடக்கும் அந்த வழக்கம் அங்கேயிருந்து பரவியது. அந்தக் கார் இப்போது மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். 1968 முதல் முன்மாதிரிப் பந்தயக் கார்களுக்கு 3 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது என்று விதி வந்தது. 7 லிட்டர் கார்களுக்கு வேலையில்லாமல் போனது, ஃபோர்டும் விலகிக்கொண்டது. விதியில் ஒரு சந்து மட்டும் இருந்தது. குறைந்தது 50 கார்கள் கட்டப்பட்ட மாதிரியாக இருந்தால் 5 லிட்டர்வரை அனுமதி உண்டு. இங்கிலாந்தில் கட்டிய சிறிய இன்ஜின் கொண்ட பழைய ஜிடி40 அந்தக் கணக்கில் தேறியது. தொடக்கத்திலிருந்தே இந்தக் காரோடு இருந்த ஜான் வையர், கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவோடு தனி அணி அமைத்தார். இளநீல உடல், நடுவில் ஆரஞ்சுப் பட்டை, 4.9 லிட்டர் இன்ஜின். அவற்றில் ஒன்றின் சேஸிஸ் எண், அதாவது அடிச்சட்ட எண், பி/1075.

பழைய பந்தயக் காருக்கு ‘பந்தய வரலாறு’ உண்டு என்று சொல்லும்போது, அந்த வரலாறு எதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். இன்ஜினைப் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றுவார்கள். கியர்பாக்ஸ் மாறும், கதவு மாறும், முகப்பு நொறுங்கினால் வேறு வரும். மாறாமல் நிற்பது அடிச்சட்டமும் அதில் பொறித்த எண்ணும்தான். நிலத்துக்குச் சர்வே எண் எப்படியோ அப்படி. ஜிடி40 என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் கட்டப்பட்டன. எந்தெந்த ஊரில், எந்த ஆண்டு, யார் ஓட்டி, எத்தனையாவதாக வந்தது என்பதெல்லாம் தனித்தனி எண்ணின்கீழ்தான் பதிவாகும். ஒரே மாதிரி இரண்டு கார்களில் ஒன்று வெறும் பழைய காராகவும் மற்றது விலைமதிப்பற்ற பொருளாகவும் ஆவது இதனால்தான்.

பிரான்சில் நடந்த மாணவர், தொழிலாளர் போராட்டங்களால் 1968 லெ மான்ஸ் ஜூனிலிருந்து செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. மெக்சிகோவின் பெட்ரோ ரோட்ரிகஸும் பெல்ஜியத்தின் லூசியன் பியாங்கியும் பி/1075-ஐ ஓட்டி, ஐந்து சுற்று வித்தியாசத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டும் வையர் அதே எண் கொண்ட காரையே கொண்டுவந்தார். எதிரே புத்தம்புதிய போர்ஷே 917. வேகத்தில் கிட்டவே நெருங்க முடியாத கார். 1964-இல் பிறந்த வடிவம் 1969-இல் கிழவனுக்குச் சமம்.

அந்த நாளில் லெ மான்ஸ் புறப்பாட்டுக்கு ஒரு தனி முறை இருந்தது. கார்கள் சாலையின் ஒரு பக்கம் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி விழுந்ததும் ஓடிப்போய், ஏறி, இன்ஜினைக் கிளப்பிப் பறக்க வேண்டும். அந்த அவசரத்தில் இருக்கைப் பட்டியை மாட்ட யாருக்கும் நேரம் இருக்காது. பலர் முதல் சுற்றை மாட்டாமலே ஓட்டினார்கள். 24 வயது ஜாக்கி இக்ஸ் அன்று ஓடவில்லை. மற்றவர்கள் தலைதெறிக்க ஓட, அவர் சாலையைச் சாவகாசமாக நடந்து கடந்தார். காருக்குள் இறங்கினார், பட்டியை ஒவ்வொன்றாகப் பூட்டினார், இறுக்கினார். 45 கார்களில் கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் உல்ஃப் என்ற ஓட்டுநர் ஓட்டிய போர்ஷே 917 தடுமாறி மோதியது. பட்டி மாட்டாதிருந்த அவர் தூக்கியெறியப்பட்டு இறந்தார்.

முன்னணியில் பறந்த 917-உம் ஞாயிறு காலையில் பழுதாகி நின்றது. மிஞ்சியவை இரண்டு: இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் ஓட்டிய பழைய ஃபோர்டு, ஹான்ஸ் ஹெர்மானின் போர்ஷே 908. கடைசி மணி நேரங்களில் இரண்டும் மாறி மாறி முந்தின. நேர்ச்சாலையில் முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு அந்த நிழலில் ஓட்டம் எளிது, முந்துவதும் எளிது. இதை அறிந்த இக்ஸ் கடைசிச் சுற்றில், பெட்ரோல் தீர்ந்துபோனதுபோலப் பாவனை காட்டி வேகத்தைத் தளர்த்தினார். ஹெர்மான் முந்திச் சென்றார். உடனே இக்ஸ் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு, முல்சான் வளைவுக்குள் நுழையும்போது முந்தினார். 24 மணி நேரம், 4,998 கிலோமீட்டர் ஓடிய பின் வித்தியாசம் 120 மீட்டர் அளவுதான். ஒரே சேஸிஸ் இரண்டு முறை லெ மான்ஸை வென்றது; 1929, 1930-இல் ஒரு பென்ட்லியும் இப்படி வென்றிருந்தது.

அடுத்த ஆண்டு முதல் ஓடிப்போய் ஏறும் முறையைக் கைவிட்டார்கள். ஓட்டுநர்கள் பட்டி மாட்டி உட்கார்ந்த பிறகே பந்தயம் தொடங்கியது.

பந்தயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, இக்ஸ் தன் சொந்தக் காரில் பாரிசுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷார்ட்ர் நகருக்கு அருகே இன்னொரு கார் குறுக்கே வர, அவருடைய கார் கம்பம் ஒன்றில் மோதி நசுங்கியது. இக்ஸ் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு, கீறல்கூட இல்லாமல் வெளியே இறங்கினார்.